சுவரில் வந்த இரண்டு பெயர்கள்

ஐப்பசி மாதத்து முதல் மழை சூசைவிளையில் பெய்து ஓய்ந்த வியாழக்கிழமை காலையில், கல்லறைத் தோட்டத்துச் சிலுவைகளிலும் கற்களிலும் எழுதியிருந்த பெயர்களெல்லாம் புறப்பட்டு, அவரவர் இருந்த வீடுகளுக்குத் திரும்பி வந்துவிட்டன.

முதலில் அறிந்தவர் கோயில்பிள்ளை மரியான். கோயிலைத் திறப்பதும் மணி அடிப்பதும் கல்லறைத் தோட்டத்துச் சாவியை இடுப்பில் முடிந்து வைத்திருப்பதும் அவர் வேலை. கல்லறைத் திருநாளுக்குப் பதினோரு நாளே இருக்கிறதே, புல் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்க்கப் போனவர், கற்களெல்லாம் கழுவிக் கவிழ்த்த தட்டுகள்போல வெறுமையாக நிற்பதைக் கண்டு, எந்தத் திருடனுக்கு எழுத்துமேல் ஆசை வந்தது என்று திட்டிக்கொண்டே ஊருக்குள் ஓடிவந்தார். தன் வீட்டு முன்சுவரில் அவருடைய அப்பா பெயரும், அப்பாவைப் பெற்றவர் பெயரும், சின்ன வயதில் மஞ்சள்காமாலையில் போன தங்கை பெயரும், ஈரச் சுவரில் விரலால் எழுதியதுபோலச் சாம்பல் நிறத்தில் வரிசையாக நின்றன. திட்டுவதை நிறுத்திவிட்டு உள்ளே போய் மனைவியிடம், "அப்பா வந்திருக்காவ, பாத்தியா?" என்றார்.

"கதவத் தொறக்கும்போதே பாத்தேன். நீங்க டீயக் குடிச்சிட்டுப் போங்க" என்றாள் அவள்.

அன்று மத்தியானத்துக்குள் ஊரே சுவர் படித்துக்கொண்டிருந்தது. வேதமுத்து வீட்டில் அடுப்படிச் சுவரில் ஏழு பெயர்கள், இடமில்லாத பேருந்தில் நிற்பவர்கள்போல ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு வந்திருந்தன. பேதி பரவிய வருஷத்தில் ஒரே வாரத்தில் போனவர்கள் அவர்கள், அடுப்புப் புகை அவர்கள்மேல் படக்கூடாதென்று வேதமுத்துவின் மனைவி அடுப்பைத் தூக்கிக்கொண்டுபோய்க் கொல்லையில் வைத்துச் சமைத்தாள். கல்லறையே இல்லாதவர்களும் வந்தார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போய் அங்கேயே மண்ணானவர்கள், பர்மாவிலிருந்து நடந்து வரும்போது காட்டில் விழுந்தவர்கள். அவர்களுக்குத் தூரம் அதிகம் என்பதால் வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் வந்து சேர்ந்தார்கள். மளிகைக்கடை சுடலைமணி, மும்பைக்குப் போய்விட்ட ஒரு குடும்பத்திடம் வீடு வாங்கிக் குடியிருந்தவர், கோயிலுக்கு வருகிறவரும் இல்லை. அவர் வீட்டுக் கூடத்தில் ஒன்பது பெயர்கள் வந்திருந்தன. "இவ்வளவு தூரம் வந்துட்டாங்க, வீட்ட வித்தாச்சுன்னு சொல்லித் திருப்பி அனுப்பவா முடியும்?" என்றவர், தன் சாமி படங்களுக்குச் சாம்பிராணி போட்ட கையோடு அந்தச் சுவருக்கும் ஒரு சுற்று காட்டினார். யாருக்கும் அதில் குறையொன்றும் தெரியவில்லை.

பெரியவீட்டு ஞானாதிக்கத்துக்குத்தான் சங்கடம். கோயிலுக்கு முதல் கல் எடுத்துக்கொடுத்த குடும்பம் அவருடையது. திருவிழாவில் கொடிக்கயிற்றை முதலில் தொடுவது அவர் கை. தன் முன்னோர்கள் ஆதியிலிருந்தே வேதக்காரர்கள் என்று சொல்லி வந்தவர் வீட்டு முன்சுவரில், 'சந்தியாகு' என்ற பூட்டனார் பெயருக்குப் பக்கத்தில், அதே எழுத்தில், அதே அளவில், 'சுடலைமாடன்' என்று இன்னொரு பெயர் நின்றது. ஞானஸ்நானம் வாங்குமுன் அந்த மனிதருக்கு இருந்த பெயர். ஞானாதிக்கம் உடனே தொம்மைக்கு ஆள் அனுப்பினார்.

தொம்மை ஊருக்கு வெள்ளையடிக்கிறவன். கோயிலுக்கும் வீடுகளுக்கும் வருஷம் ஒருமுறை கல்லறைகளுக்கும் சுண்ணாம்பு பூசுவது அவன்தான். ஐம்பத்துநாலு வயது. ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதில் ஆறு சுண்ணாம்பைப் பற்றியதாக இருக்கும். அவன் ஞானாதிக்கத்தின் சுவரில் மூன்று முறை பூசினான். மூன்று முறையும், சுண்ணாம்பு காயக் காய, நனைந்த வேட்டிக்குள்ளிருந்து முழங்கால் தெரிவதுபோல அந்தப் பெயர் தெரிந்தது. ஞானாதிக்கம் ஒரு காலண்டரை மாட்டி மறைத்தார். பெயர் ஒரு முழம் தள்ளிப்போய் நின்றுகொண்டது. கடைசியில் அவர் மனைவிதான், "விட்டுருங்களேன். அவுகளப் பெத்தவ கூப்பிட்ட பேரு அதுதான?" என்றாள். அதற்குப் பிறகு அவர் காலண்டரை எடுத்துவிட்டார்.

இப்படி ஊர் முழுதும் தன் மனிதர்களை அடையாளம் கண்டு, அழவேண்டியதை அழுது, சிரிக்கவேண்டியதைச் சிரித்துக்கொண்டிருந்தபோது, தொம்மையின் மனைவி பிரகாசி மட்டும் தன் வீட்டுக் கதவைச் சாத்தியே வைத்திருந்தாள்.

அவள் வீட்டு முன்சுவரில் மாமனார், மாமியார் பெயர்கள் ஒழுங்காக வந்திருந்தன. அதில் சிக்கல் இல்லை. உள் அறையில், படுக்கும் பாயைச் சுருட்டி வைக்கும் மூலையில், முழங்கால் உயரத்தில் இரண்டு பெயர்கள் வந்திருந்தன. பிலோமினா. இன்னாசி.

பிலோமினா யாரென்று பிரகாசிக்குத் தெரியும். உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். இருபத்தாறு வருஷத்துக்கு முன் இதே அறையில் அவளுக்குப் பிள்ளை மூச்சில்லாமல் பிறந்தது. பேறு பார்த்த அம்மாள் அதைப் பழைய சேலையில் சுற்றி வெளியே கொண்டுபோனபோது சேலைக்கு வெளியே ஒரு காது மட்டும் தெரிந்தது, சின்னதாக, மடல் மெல்லிசாக, கம்மல் போடத் தோதாக. பெண்பிள்ளை என்று அவள் அப்போதே முடிவுசெய்துவிட்டாள். பிறகு நாலு நாள் ஜன்னி. எழுந்து உட்கார்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஞானஸ்நானம் இல்லாமல் போன பிள்ளைகளை மந்திரித்த மண்ணில் வைப்பதில்லை. சுவருக்கு வெளியே, உடைமரங்கள் நிற்கும் பக்கம், சிலுவையும் பெயரும் இல்லாமல் புதைப்பார்கள், வீட்டுக்கு வந்து அதைப் பற்றிப் பேசமாட்டார்கள். தொம்மையும் பேசவில்லை. அவளும் கேட்கவில்லை. ஆனால் மனசுக்குள் பிலோமினா என்று பெயர் வைத்தாள், பிலோமி என்று கூப்பிட்டாள், அஞ்சு வயதில் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாள், கோயிலில் முதல்முறை நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு வெள்ளைக் கவுன் தைத்தாள், பதினாலு வயதில் அவளோடு சண்டைபோட்டு ஒரு வாரம் பேசாமல் இருந்தாள், போன வருஷம்தான் தூத்துக்குடியில் ஒரு நல்ல இடத்தில் கட்டிக்கொடுத்தாள். அதற்குப் பிறகு அவளுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. பிறக்காததைப் பற்றி மற்றவர்கள் நினைத்த அளவு அவள் நினைக்கவும் இல்லை, அவளுக்குத்தான் ஒருத்தி இருந்தாளே.

ஆகவே அந்தப் பெயர் சுவரில் வந்தபோது அவளுக்குப் பயமோ வியப்போ வரவில்லை. வா பிலோமி என்றுதான் தோன்றியது. பக்கத்தில் இருந்த பெயர்தான் அவள் நெஞ்சில் கல்லாக விழுந்தது. இன்னாசி. அவள் குடும்பத்திலோ அவன் குடும்பத்திலோ அந்தப் பெயரில் யாரும் இல்லை. செத்தவர்கள் பெயர்தான் வருகிறது. சொந்த மனிதர்கள் வீட்டுக்குத்தான் வருகிறது. அதுவும் முழங்கால் உயரத்தில், பிள்ளைகளின் உயரத்தில்.

தொம்மை கல்யாணமான புதிதில் உப்பளத்து முதலாளி வீடுகளுக்கு வெள்ளையடிக்கப் போய் மாதக்கணக்கில் தங்கியிருக்கிறான்.

கதவைச் சாத்தி வைத்து என்ன, ஞாயிற்றுக்கிழமைக்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. தொம்மையின் தங்கை கித்தேரி உரிமையோடு உள்ளே நுழைந்து, மூலைவரை போய்க் குனிந்து பார்த்து, எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டுத் திரும்பினாள்.

"மைனி, பிலோமினா யாரு?"

"தெரியாது."

"இன்னாசி?"

"உங்க அண்ணங்கிட்ட கேளு."

"எங்க அண்ணன் அப்பிடிப்பட்ட ஆளு இல்ல மைனி" என்றாள் கித்தேரி. கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனாலும் ஆம்பளதான?" என்றாள்.

அவள் போய்த் தண்ணீர்க் குழாயடியில் குடத்தை வைத்த நேரத்தில் பேச்சு தொடங்கியது. "ரெட்டப் பிள்ளையா இருக்குமோ?" என்றாள் கித்தேரி. "ரெட்டைன்னா பிரகாசிக்குத் தெரியாதா, அவ ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கா?" என்றாள் இன்னொருத்தி. "பேசாத ஆளத்தான் நம்பப்படாது. எங்க வீட்டுக்காரரு மாதிரி வாய் ஓயாமப் பேசுனா தப்பு பண்ண நேரம் ஏது?" என்றாள் வேதமுத்துவின் மனைவி. எல்லாரும் சிரித்தார்கள். பிரகாசி குடத்தோடு வருவதைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தி, அவளுக்கு வரிசையில் முதல் இடம் கொடுத்தார்கள். அந்த இரக்கம்தான் அவளை மிகவும் சுட்டது.

அன்று மத்தியானம் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு அவள் சொன்னாள்: "ஊருக்கெல்லாம் அடிக்கிறீங்க. நம்ம வீட்டு மூலைய ஒரு வாட்டி அடிங்க."

தொம்மை தலை நிமிரவில்லை. "அழியாது."

"அழியுதோ அழியலையோ, அடிங்களேன்."

"மாட்டேன்."

"ஏன், கை நடுங்குதோ?"

அவன் பிசைந்த சோற்றை அப்படியே வைத்தான். "பிலோமினா யாருன்னு நான் கேட்டேனாளா?" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, கைகழுவி, சுண்ணாம்பு வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

இன்னாசி யாரென்று கேட்டால் பிலோமினா யாரென்று சொல்லவேண்டும். பிலோமினா யாரென்று சொன்னால், இருபத்தாறு வருஷமாகப் பக்கத்தில் படுத்திருந்தவனுக்குத் தெரியாமல் அவன் பிள்ளையை அவள் தனியாக வளர்த்துக் கட்டிக்கொடுத்ததைச் சொல்லவேண்டும். அதைவிட, சொன்னபிறகு பிலோமி வெறும் செத்த பிள்ளை ஆகிவிடுவாள். எனவே அவள் கேட்கவில்லை. அவனும் கேட்கவில்லை. ஒரே வீட்டில், ஒரே மூலையில் பாய் சுருட்டி, எதிரெதிர்ப் பக்கம் முகம் வைத்து நாட்கள் போயின. அண்ணன் வீட்டுக்குப் போய்விடலாம் என்று டிரங்குப் பெட்டியில் நாலு சேலை எடுத்து வைத்தாள். திருநாள் முடியட்டும் என்று மூடினாள்.

இதற்கிடையில் பங்குசாமி, பட்டம் வாங்கி இரண்டு வருஷமே ஆன இளம் குரு, ஆயருக்குக் கடிதம் எழுதிக் கேட்டிருந்தார். பெரிதுபடுத்த வேண்டாம், மக்களைச் செபிக்கச் சொல்லுங்கள் என்று பதில் வந்தது. மக்கள் பெரிதுபடுத்தவில்லை, அவர்களுக்கு இருந்த கவலை வேறு. கற்களில் பெயரில்லாமல் யார் எந்தக் கல்லறைக்கு மெழுகுவர்த்தி ஏற்றுவது? இரண்டு குடும்பங்கள் ஒரே கல்லறையைத் தங்களுடையது என்று சொல்லி அதன் இரண்டு பக்கமும் நின்று புல் பிடுங்கின. சாமி பூசையில் அறிவித்தார்: இந்த வருஷம் எல்லாக் கல்லறையும் எல்லாருக்கும் பொது. ஒவ்வொரு வீடும் தன் சுவரில் உள்ள பெயர்களை ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே என்ன உறவு என்று குறித்து, அடுத்த ஞாயிறுக்குள் கோயில்பிள்ளையிடம் கொடுக்கவேண்டும். திருநாளன்று தோட்டத்தில் நின்று அத்தனையையும் வாசிப்பேன்.

"உறவு தெரியாத பேரு இருந்தா சாமி?" என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள். நாலைந்து தலைகள் பிரகாசி பக்கம் திரும்பின.

"தெரிஞ்சவங்ககிட்ட கேட்டு எழுதுங்க" என்றார் சாமி, பாவம், ஒன்றும் அறியாமல்.

சனிக்கிழமை சாயங்காலம்வரை பிரகாசி அந்தத் தாளைத் தொடவில்லை. மரியான் இரண்டு தடவை வந்து வாசலில் நின்று, "உங்க வீடு ஒண்ணுதாம்மா பாக்கி" என்று சொல்லிவிட்டுப் போனார். கடைசியில் விளக்கு வைக்குமுன் அறை வாசலில் உட்கார்ந்து, மடியில் முறத்தைக் கவிழ்த்து, அதன்மேல் தாளை வைத்து எழுதினாள். மாமனார், மாமியார். அடுத்த வரியில் பிலோமினா என்று எழுதினாள். அந்தப் பெயரை அவள் கையால் எழுதுவது அதுவே முதல் தடவை; எழுத்துகள் கோணின. எதிரே என்ன போடுவது? தெரியாது என்று போடலாம். மருமகள் என்றோ சித்தி என்றோ ஒரு பொய்யைப் போடலாம். ஆனால் சாமி அதைக் கல்லறைத் தோட்டத்தில் ஊர் முன்னால் சத்தமாக வாசிப்பார், அங்கே சுவருக்கு அந்தப் பக்கம் அவள் படுத்திருக்கிறாள், தன் அம்மா தன்னைச் சித்தி என்று எழுதியதைக் கேட்பாள். பிரகாசி 'மகள்' என்று எழுதினாள்.

எழுதிவிட்டுப் பார்த்தாள். எதுவும் ஆகவில்லை. வெளியே யாரோ ஆட்டைக் கூப்பிடும் சத்தம் கேட்டது.

அடுத்த வரியில் இன்னாசி என்று மட்டும் எழுதி, தாளையும் பேனாவையும் முறத்தோடு கொண்டுபோய், வாளி கழுவிக்கொண்டிருந்த தொம்மையின் முன்னால் வைத்தாள்.

"இதுக்கு என்ன போடணுமோ நீங்களே போடுங்க. யாரு வயித்துல பொறந்திருந்தாலும் சரி. செத்த பிள்ளைமேல எனக்குக் கோவம் இல்ல."

தொம்மை கையை வேட்டியில் துடைத்தான். அவன் வாசிப்பது மெதுவாகத்தான். அப்பா பெயரை வாசித்தான், அம்மா பெயரை வாசித்தான், மூன்றாவது வரியில் நின்றான். விரலை வைத்து மறுபடி வாசித்தான். அவன் முகம் கலங்கியதை அவள் பார்த்தாள். ஆனால் அவள் எதிர்பார்த்த கலக்கம் இல்லை அது.

"மகளா?" என்றான்.

"ஆமா."

"எந்த மக?"

"எத்தன மக பெத்தேன் நான்? அந்த ஒண்ணுதான். பேரு வச்சேன். சொல்லல. தப்புன்னா தப்புதான்."

கைதவறி எதையோ உடைத்துவிட்டவன்போல அவன் சொன்னான்: "ஏளா. அது ஆம்பளப் பிள்ள."

அவளுக்குப் புரியவில்லை. "எது?"

"நம்ம பிள்ள. பையன்." அவன் விரல் கீழ்வரிக்கு வந்தது. "இவன்தான் அது."

அதற்குப் பிறகு தொம்மை பேசினான். இருபத்தாறு வருஷமாகச் சேர்த்து வைத்ததை நின்ற நிலையிலேயே பேசினான். பேறு பார்த்த அம்மாள் சேலைப்பொதியை அவன் கையில் கொடுத்து, யாருக்கும் காட்டாமல் போ என்றாள். உச்சி வெயில். உடைமரத்தடியில் மண்வெட்டி போட்டால் ஓடைக்கல். பொதியைக் கீழே வைக்க மனசில்லாமல் ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் வெட்டினான், வெட்ட வரவில்லை. அந்தப் பக்கமாக ஒரு உப்பு வியாபாரி சைக்கிளில் வந்தான், முன்னே பின்னே பார்த்திராத ஆள். சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் மண்வெட்டியை வாங்கி, இடுப்பளவு குழி வெட்டிக் கொடுத்தான். தன் தோளில் கிடந்த புதுத் துண்டை எடுத்து மண்ணில் விரித்தான். "பேரென்ன அண்ணேன்னு கேட்டேன். இன்னாசின்னான். அப்பா பேரத்தான் வைக்கணும் முறைப்படி. அவனுக்கு அந்தப் பேர வச்சேன். அவன் செஞ்சதுக்குக் குடுக்க எங்கிட்ட வேற என்ன இருந்துச்சு?" மூச்சு வாங்கினான். "நீ பொழைச்சு எந்திரிச்சதே பெருசு. எதுக்குக் கிளறணும்னு விட்டுட்டேன். பிலோமினான்னு பாத்ததும், கல்யாணத்துக்கு முன்ன உனக்கு ஏதோ…" என்று தொடங்கி, முடிக்காமல் வாளியைப் பார்த்தான்.

"அட, பாவி மனுசா" என்றாள் பிரகாசி. சிரிப்புதான் முதலில் வந்தது. அது பாதியிலேயே வேறாக மாறி, அவள் வாசல்படியில் உட்கார்ந்து முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள். தொம்மை என்ன செய்வதென்று தெரியாமல் முறத்தை எடுத்து அவளுக்கு விசிறினான்.

கொஞ்சம் தெளிந்ததும், "காது மட்டும்தான் பாத்தேன்" என்றாள். "எங்கம்மா காது மாதிரி இருந்துச்சு."

"எங்கப்பா காது அது" என்றான் தொம்மை.

அவள் தாளை வாங்கி, இன்னாசிக்கு எதிரே 'மகன்' என்று எழுதினாள். மேல்வரியை அடிக்கப்போய்ப் பேனாவை எடுத்துவிட்டாள். தொம்மை, "அதுவும் இருக்கட்டும்ளா. நீ வளத்த பிள்ள" என்றான்.

திங்கட்கிழமை நாலு மணிக்குக் கல்லறைத் தோட்டத்தில் ஊர் கூடியது. எல்லாக் கற்களுக்கும் சுண்ணாம்பு பூசியிருந்தது, எல்லாவற்றிலும் செவ்வந்தி இருந்தது, யார் எதன்முன் நிற்கிறோம் என்று யாருக்கும் தெரியாததால் எல்லாரும் எல்லாவற்றின் முன்னும் கொஞ்சம் கொஞ்சம் நின்றார்கள். ஞானாதிக்கம் யாருடையதோ ஒரு பிள்ளைக் கல்லறைமேல் விழுந்திருந்த உடைமுள்ளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். சுடலைமணி ஒன்பது மெழுகுவர்த்தியோடு வந்திருந்தார். சாமி ஒலிபெருக்கியில் வாசிக்கத் தொடங்கினார். வேதமுத்து வீட்டில் ஏழு, மரியான் வீட்டில் மூன்று, பூட்டன், பூட்டி, தம்பி, கொழுந்தி. சந்தியாகு என்ற சுடலைமாடன் என்று வாசித்தபோது ஞானாதிக்கம் நிமிர்ந்து நின்று சிலுவை வரைந்துகொண்டார்.

பிரகாசியும் தொம்மையும் கூட்டத்தில் இல்லை. அவர்கள் கிராதிக் கதவைத் தாண்டி, சுவரை ஒட்டியே நடந்து, பின்பக்கம் உடைமரங்கள் நிற்கும் இடத்துக்குப் போயிருந்தார்கள். பிரகாசி வழியில் கேட்டுக்கொண்டே வந்தாள்: தலைமுடி இருந்ததா? இருந்தது. நிறம்? உன் நிறம். கை மூடியிருந்ததா? ஒன்று மூடியிருந்தது, ஒன்று திறந்திருந்தது. இருபத்தாறு வருஷம் கிளறாத மனிதன் ஒவ்வொன்றுக்கும் உடனுக்குடன் பதில் சொல்லிக்கொண்டு வந்தான். மூன்றாவது மரத்தடியில் நின்று, "இங்கதான்" என்றான். அங்கே ஒன்றும் இல்லை. செம்மண்ணும் கொஞ்சம் சருகும்தான். பிரகாசி உட்கார்ந்து சருகை விலக்கினாள். மெழுகுவர்த்தியை மண்ணில் ஊன்றினாள்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒலிபெருக்கி, தொம்மை பிரகாசி வீட்டில், என்றது. மாமனார், மாமியார் பெயர்களைச் சொன்னது. பிலோமினா, மகள், என்றது. இன்னாசி, மகன், என்றது. கூட்டத்தில் ஒரு சலசலப்பு எழுந்து, ரெட்டைதான் போல, நான் அன்னைக்கே சொன்னேன்லா என்று கித்தேரியின் குரல் தனியாகக் கேட்டு, அடங்கியது. சாமி அடுத்த வீட்டுக்குப் போனார்.

பிரகாசி தரையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"தல எந்தப் பக்கம்?" என்று கேட்டாள்.

தொம்மை யோசிக்கவே இல்லை. "அந்தப் பக்கம். கோயிலப் பாக்கணும்னு அப்பிடி வச்சேன்."

கால்மாட்டில் உட்கார்ந்திருந்த அவள் எழுந்து, சேலையைத் தட்டிவிட்டு, சுற்றிப்போய்த் தலைமாட்டில் உட்கார்ந்தாள்.